வன்னிப் புழுதிக்குள் ஸ்க்ராட்ச்சும் பேஸும் பதிவுசெய்ய

ஸ்க்ராட்ச்சுக்கு, அதாவது இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் உரசி ஒலி எழுப்ப, மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளே வேண்டும். பெல்ட் பூட்டியது கை பட்டதும் இழுபடும். ஊசி துள்ளினால் அதன்மேல் அழுத்தும் எடையைக் கூட்டுங்கள், பெரும்பாலும் 3 கிராம் போதும். ஊசி பூட்டிய கார்ட்ரிட்ஜுக்குக் குறித்த உச்ச அளவைத் தாண்டினால் இசைத்தட்டுத்தான் தேயும்.

சோளகம் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கிளிநொச்சிப் பக்கம் புழுதி ஊசிமுனையில் திரண்டு, கீச்சொலியை மங்கடிக்கும். மென்தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் ஊசித்தண்டு வளையும்.

விடாத இரைச்சலா? டர்ன்டேபிளின் எர்த் வயரை மிக்ஸரில் முறுக்குங்கள். அப்படியும் போகாவிட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள்.

பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். 808 டிரம் மெஷினின் கிக் அடியும் அதையொட்டியே ஒலிப்பதால் இரண்டும் ஒன்றாக விழுந்தால் கலங்கிவிடும். அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை நோண்டுவதைவிட, பேஸைக் கிக்குக்குப் பிறகு ஒரு தாளச் சுற்றின் (பார்) பதினாறில் ஒரு பங்கு தள்ளி வாசிப்பதே அழகு; ஃபங்க் துள்ளலும் அதில்தான் வரும். ஸ்க்ராட்ச்சில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடுங்கள்.