டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டும் ரத்தம் குறைகிறதா?

இந்தச் சிகிச்சையில் ஹீமோகுளோபின் ஏறுவதுதான் வழக்கம். எனக்கு இறங்கியது, எழுந்தாலே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியானால் மருந்தளவைக் கூட்டச் சொல்லாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். முதலில் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வைட்டமின் பி12, சிறுநீரகப் பரிசோதனை. ரத்தம் கெட்டியாகிறது என்று அடிக்கடி ரத்தத்தை வெளியே எடுத்தவர்களுக்கு (நானும் அந்த ரகம்) இரும்புச்சத்து காலியாகியிருக்கலாம். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் பிரஷர். 5 நிமிடம் படுத்திருந்து அளவெடுங்கள். எழுந்து நின்று 1, 3 நிமிடங்களில் மறுபடியும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். டடாலாஃபில் (ஆண்குறி விறைப்புக்கான மாத்திரை), புராஸ்டேட் மாத்திரை போன்றவை பிரஷரை இறக்கலாம், சாப்பிடுகிற எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், கூச்சம் வேண்டாம். பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) கோளாறு உள்ளவர்கள், பிரஷரைத் தாங்கும் ஹார்மோனான கார்டிசோலின் காலை நேர அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.