மடிப்பு சைக்கிளுக்கு ஹப் மோட்டாரா? வாட்டை விடச் சுற்றைப் பாருங்கள்

என் மடிப்பு சைக்கிளின் சக்கரம் 20 அங்குலம். மதுரை ஆண்டாள்புரம் மேம்பாலத்தில் மூச்சு வாங்கியே அலுத்துப்போய் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மின்மோட்டார்) பொருத்தினேன். பாலத்தில் வண்டி சுகமாக ஏறியது; சமதளத்திலோ மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்ட மறுத்தது. மோட்டாரில் பழுது ஏதும் இல்லை. கடையில் கொடுத்தது 26 அங்குலச் சக்கரத்துக்கு உரியது, அவ்வளவுதான்.

மணிக்கு 25 கி.மீ. போக 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 200 முறை சுற்றினால் போதும். 20 அங்குலத்துக்கு ஏறத்தாழ 270, 16 அங்குலத்துக்கு 330 சுற்று வேண்டும். ஆகவே உங்கள் பேட்டரியின் வோல்ட்டில் மோட்டார் எத்தனை சுற்று சுற்றும் என்று முதலில் கேளுங்கள். ஆள் ஏறியதும் சுற்று குறையும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். (மாசி வீதி நெரிசலுக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு என் மோட்டாரே தாராளம்.)

முன்சக்கரத்தில் பொருத்துவதானால், சக்கர அச்சு உட்காரும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடைப்பட்ட உள் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். வழக்கமான சைக்கிளில் அது 100 மி.மீ.; மடிப்பு சைக்கிள்கள் பலவற்றில் 74 மி.மீ.தான். அலுமினியக் கால்களை நெம்பி அகட்டாதீர்கள், விரிசல் விடும்.

ஹப் மோட்டாரில் உள்ளே பல்சக்கரம் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு; உள்ளதே என் தேர்வு. எடை குறைவு, மின்சாரம் தீர்ந்தாலும் மிதிக்கும்போது இழுத்துப் பிடிக்காது. மதுரை ஜங்ஷன் படிக்கட்டில் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு கிலோவும் தோளில் தெரியும்.