வேர்ட்பிரஸ் செருகுநிரலை எழுதிக் களஞ்சியத்தில் சேர்க்கும் முறை

ஒரு கட்டுரையை வாசிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதை அதன் தொடக்கத்தில் காட்டும் சிறு செருகுநிரல் (பிளகின், அதாவது தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். இணையதளங்களை உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் பிளகின்ஸ் கோப்புறைக்குள் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதில் பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதிய கோப்பு ஒன்றை வைத்து, அக்கோப்பின் தலைப்பகுதியில் பெயர், பதிப்பு எண், உரிமம் ஆகியவற்றைக் குறிப்புரையாக எழுதினால், நிர்வாகப் பக்கத்தின் பட்டியலில் அது தோன்றிவிடும்.

வாசிப்பு நேரத்தைக் கணிக்கச் சொற்களை எண்ணும் இடத்தில் தமிழருக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பிஎச்பியில் இதற்கென உள்ள வேர்ட் கவுண்ட் ஃபங்ஷன் (சொற்களை எண்ணும் செயற்கூறு) தமிழ் எழுத்துகளை எழுத்துகளாகக் கொள்வதில்லை என்பதால் விடை தவறாகவே வரும். ஆகவே உரையை இடைவெளிகளில் பிரித்து, கிடைக்கும் துண்டுகளை எண்ணுவதே சரி. உங்கள் ஃபங்ஷன்களின் பெயர்களுக்கு முன்னால் தனித்துவமான முன்னொட்டு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், அதே பெயருள்ள வேறொரு செருகுநிரலோடு மோதித் தளமே நின்றுபோகும்.

பயனர்கள் செருகுநிரல்களைத் தேடி எடுக்கும் வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் சேர்க்க, ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்துக்கு இசைவான உரிமம் கட்டாயம். பிளகின் செக் என்னும் கருவியால் முதலில் நீங்களே சோதித்து, பிழைகளை நீக்கிய பின் ஜிப் கோப்பாக அனுப்புங்கள். களஞ்சியத்தில் உங்கள் செருகுநிரல் பக்கத்தின் இணைய முகவரியில் வரும் பெயரை ஒப்புதலுக்குப் பின் மாற்ற இயலாது. அதை அவசரமின்றித் தேர்ந்தெடுங்கள்.

ஒப்புதல் கிடைத்ததும் எஸ்விஎன் (நிரலின் பதிப்புகளைக் காத்துவைக்கும் அமைப்பு) சேமிப்பகம் ஒன்று தரப்படும். டிரங்க் கோப்புறையில் நிரலும், டேக்ஸ் கோப்புறையில் ஒவ்வொரு பதிப்பின் நகலும், அசெட்ஸ் கோப்புறையில் படங்களும் இருக்க வேண்டும். தேடல் பக்கத்தில் பயனர் காணும் சுருக்க விளக்கம் செருகுநிரலோடு வைக்கும் ரீட்மீ என்னும் விளக்கக் கோப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அது 150 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால், செருகுநிரல் செய்யும் வேலையை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலோர் இடறுவது பதிப்பு எண்ணில்தான். ரீட்மீயில், பயனர்களுக்குத் தர வேண்டிய பதிப்பைக் குறிக்கும் ஸ்டேபிள் டேக் வரியில் 1.1 என்று இருந்தால், டேக்ஸுக்குள் 1.1 என்ற கோப்புறை இருக்க வேண்டும். அதற்குள் உள்ள பிஎச்பி கோப்பின் தலைப்பகுதியும் 1.1 என்றே சொல்ல வேண்டும். ஒருமுறை நான் தலைப்பகுதியில் 1.0 என்பதை மாற்ற மறந்துவிட்டேன்; புதிய நிரல் களஞ்சியத்தை அடைந்தும், பயனர்களின் தளங்கள் தங்களிடம் இருப்பதே அண்மைப் பதிப்பு என்று கருதியதால் ஒருவருக்கும் புதுப்பிப்பு அறிவிப்பு போகவில்லை. அன்று முதல், பழைய பதிப்பை ஒரு சோதனைத் தளத்தில் நிறுவி வைத்து, அங்கே அறிவிப்பு வந்த பிறகே வெளியீடு முடிந்ததாகக் கொள்கிறேன்.