சாதிக்காயிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் பிள்ளைக்கு உரைமருந்து உரைக்கும்போது வசம்பு, மாசிக்காயோடு சாதிக்காயும் சேரும். இப்படி நாட்டு வைத்தியத்தில் உள்ள விதைகளில் புதிய பொருளைத் தேட ஆசையா? முதலில், சாதிக்காயில் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த டிரைமிரிஸ்டின் என்ற கொழுப்பைச் சுத்தமாகப் பிரித்துப் பழகுங்கள். கை பழகாதவருக்கு அழுக்கும் புதுப்பொருளாகத்தான் தெரியும்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத் தோட்டங்களில் சாதிக்காய் கிடைக்கும். குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு ஆடுகிற அளவு காய்ந்ததை வாங்குங்கள். அதே மரத்தின் கொப்பு ஒன்றையும் அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். எந்தச் செடி என்பதில் சந்தேகம் வந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

இனி எல்லாமே கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் மேற்பார்வையில்தான். பருப்பைப் பொடித்து, 10 கிராமுக்கு 50 மி.லி. ஈதர் என்ற கரைப்பானை ஊற்றி, மேலே ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப இறக்கும் கண்டென்சர் பொருத்தி அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள். ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் வெந்நீர்த் தொட்டி மட்டும்தான்; அறையில் பர்னரே எரியக் கூடாது. வடிகட்டி ஈதரை வாலை வடித்து எடுத்துவிட்டால் அடியில் மஞ்சள் கொழுப்பு தங்கும்.

அப்புறம்தான் பொறுமை வேண்டிய இடம். சூடான அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கொழுப்பு முழுதும் கரைந்ததும் நிறுத்துங்கள். கூடிப்போனால் படிகம் வராது. முதலில் மேசையிலேயே ஆறட்டும், பிறகு ஐஸில் வையுங்கள். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் மஞ்சள் நிறம் படிகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வடிகட்டி, குளிர்ந்த அசிட்டோனால் கழுவி, உலர்த்தி, உருகுநிலை பாருங்கள். 56 டிகிரியை ஒட்டி, ஓரிரு டிகிரிக்குள் சட்டென்று உருகினால் நல்லது. 50-லேயே இளகத் தொடங்கி இழுத்துக்கொண்டே போனால் மறுபடியும் படிகமாக்க வேண்டும்.

மிஞ்சிய மஞ்சள் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். மிரிஸ்டிசின், எலிமிசின், லிக்னான்கள் போன்ற மற்ற வேதிப்பொருள்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். சிலிக்கா பொடி நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழலில் (column) ஏற்றி, ஹெக்சேன் என்ற கரைப்பானோடு எத்தில் அசிடேட் என்ற இன்னொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஊற்றி, கீழே இறங்குவதைச் சிறு குழாய்களில் வரிசையாகப் பிடியுங்கள். ஒவ்வொரு குழாயில் உள்ளதையும், பொருள்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் சோதித்து, ஒரே மாதிரியான ஒற்றைப் புள்ளி காட்டுபவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்த்ததை, மூலக்கூறின் அமைப்பையும் எடையையும் காட்டும் என்.எம்.ஆர்., மாஸ் சோதனைகளுக்கு அனுப்பி, இதுவரை வெளியான தரவுகளோடு ஒப்பிடுங்கள். எதனோடும் ஒத்துப்போகாதபோதுதான் புதியது என்ற பேச்சே எழும். சாதிக்காயை லயன் பிளேஃபேர் என்ற பிரிட்டன் வேதியியலாளர் 1841-லேயே ஆராய்ந்துவிட்டார். அதில் பெரும்பாலும் தெரிந்ததே கிடைக்கும்.

அதிகம் ஆராயாத விதைக்கு, மலையில் வாழும் பழங்குடியினரான காணி மக்களிடம் போனால், முதலில் அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டம் கேட்கும் அனுமதிகளையும் ஆசிரியரிடம் விசாரித்துவிட்டு விதையில் கை வையுங்கள்.