தைராய்டு உள்ளவர்கள் மெலடோனினில் செய்யும் தவறுகள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் இப்போது தைலக் குப்பிகளோடு, உறக்கத்துக்கென்று போடும் ஒரு மெலடோனின் பாட்டிலும் வருகிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மருந்துக் கடைகளில் கேட்டாலும் கிடைக்கும். "தைராய்டு மாத்திரை போடுதேன், ஒறக்கம் வரல்ல, இதப் போடலாமா?" என்று கேட்டால், பெரும்பாலோருக்குப் போடலாம் என்பதே பதில். குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு. மெலடோனினும் லெவோதைராக்ஸினும் (தைராக்ஸின், அதாவது தைராய்டு குறைவுக்குப் போடும் மாத்திரை) நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் மருந்துகள் அல்ல. வினை வேறு வழியாக வருகிறது. ராத்திரி போன் பார்க்காதீர்கள், சாயங்காலம் காப்பி குடிக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

உறக்கம் ஏன் போனது என்று பார்க்காமல் வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது, எரிச்சல் மூட்டுவது இதுதான்.

தைராக்ஸின் அளவு தேவைக்கு மேல் போனால் உறக்கம் போகும். நெஞ்சு படபடக்கும், கை லேசாக நடுங்கும், வேர்க்கும், சாப்பாடு குறையாமலே எடை இறங்கும். உடம்பு அசந்திருந்தாலும் கண் மூடாது. மெலடோனின் செய்வதெல்லாம் 'ராத்திரி ஆகிவிட்டது' என்று மூளைக்குத் தெரிவிப்பது மட்டும்தான். ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்ட வண்டியில் ஹெட்லைட்டை அணைத்து என்ன பயன்?

இந்தச் சிக்கல் எப்படி உருவாகிறது என்பதற்கு, நைட் டூட்டி பார்க்கும் ஒரு நர்ஸை எடுத்துக்கொள்வோம். தைராக்ஸின் 75 மைக்ரோகிராமில் நன்றாக இருந்தவர். டூட்டி முடிந்த கையோடு காலை ஏழு மணிக்கு லேபில் ரத்தம் கொடுக்கிறார். டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்; தைராக்ஸின் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். இயல்பாகவே ராத்திரியில் ஏறிப் பகலில் இறங்கவும் செய்யும். அந்த ஏற்றத்தை அடக்கி வைப்பது உறக்கம். ராத்திரி முழுக்க விழித்திருந்தால் ஏற்றம் இன்னும் கூடும், விடிந்த பிறகும் மிச்சம் நிற்கும். ரிப்போர்ட்டில் 5.6 என்று வருகிறது. லேபின் மேல்வரம்பு 4.5. விழித்திருந்தது யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லவில்லை. மாத்திரை 100 ஆகிறது. சில வாரங்களில் படபடப்பு தொடங்குகிறது. டூட்டி இல்லாத நாளிலும் உறக்கம் இல்லை. 3 மி.கி. மெலடோனின் தொடங்கி, 5 ஆக்கி, 10 வரை போகிறார். உறங்காமலே அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிஎஸ்எச் 0.1க்குக் கீழே மாதக்கணக்கில் கிடப்பது விளையாட்டல்ல. வயதானவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். உறக்கமின்மை அதற்கு ஒரு எச்சரிக்கையாக இருக்கலாம். அதை மெலடோனின் போட்டு மூடி மறைப்பதால் எச்சரிக்கை போகிறது, ஆபத்து நிற்கிறது.

ஆகவே பாட்டிலைத் திறக்கும் முன் டிஎஸ்எச், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராக்ஸின் அளவு) இரண்டையும் பாருங்கள். விழித்த ராத்திரிக்கு மறுநாள் ரத்தம் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒழுங்காக உறங்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அன்றைய மாத்திரையைப் போடும் முன் கொடுங்கள். வரம்பைக் கொஞ்சமே தாண்டிய ஒற்றை ரிப்போர்ட் என்றால், அளவைக் கூட்டும் முன் இன்னொரு முறை பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அளவு மாறினால் அடுத்த பரிசோதனை 6 முதல் 8 வாரம் கழித்து. தைராக்ஸினின் அரை ஆயுள் ஏறக்குறைய 7 நாள். அதற்கு முன்னே பார்த்தால் பாதி வழியில் நிற்கும் எண்தான் கிடைக்கும். வீட்டில் பழைய அளவு பாட்டிலும் புது அளவு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருந்தால் பழையதை இன்றே அப்புறப்படுத்துங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு.

தைராய்டு குறைவாகவே இருந்து உறக்கம் கெடுவதும் உண்டு. சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது என்றால் ஸ்லீப் அப்னியாவைச் சந்தேகிக்க வேண்டும். படுத்ததும் காலை ஆட்டியே தீர வேண்டும் போலிருந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். இரண்டுக்கும் மெலடோனின் மருந்தல்ல.

லேபிளின் முன்பக்கத்தை மட்டும் படிப்பது

முன்னால் பெரிதாக 'மெலடோனின்' என்றிருக்கும். பின்னால் பொடி எழுத்தில் அஸ்வகந்தா இருக்கும். அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. தைராக்ஸின் போடுகிறவருக்கு அது கணக்கில் வராத கூடுதல் டோஸ் மாதிரி. கிரேவ்ஸ் நோய் (தைராய்டு கூடுதலாகச் சுரக்கும் நோய்) உள்ளவர் தொடவே கூடாது. மெக்னீசியம், கால்சியம், இரும்பு சேர்ந்திருந்தால் தைராக்ஸினிலிருந்து 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தால் பல லேப் கருவிகளில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். ரத்தம் கொடுக்க இரண்டு நாளாவது முன்பே நிறுத்த வேண்டும். 'முடிக்கு' என்று தனியாகப் போடும் கம்மி மிட்டாயிலும் அதே பயோட்டின்தான்.

எழுதியிருக்கும் மி.கி.யையும் அப்படியே நம்ப முடியாது. 2017இல் வெளியான ஒரு கனடா ஆய்வு 31 தயாரிப்புகளைச் சோதித்தது. லேபிளில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவாகவும் இருந்தது, 478 சதவீதம் அதிகமாகவும் இருந்தது; 8 தயாரிப்புகளில் செரோடோனின் கலந்திருந்தது. கம்மி மிட்டாயைவிட, மருந்து நிறுவனத்தின் ஒற்றைச் சரக்கு மாத்திரை மேல்.

10 மி.கி. வாங்குவது

0.5 முதல் 3 மி.கி. போதும்.

ஊர் நேரத்துக்குப் போடுவது

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே எழுந்துவிடுகிறார்கள். இரண்டரை மணிக்கு எழுகிறவர் மற்றவர்களைப் போல் பத்து மணிக்கு மெலடோனின் போட்டால், தலை பாரத்தோடு கத்தி பிடிக்க வேண்டிவரும். எட்டரைக்குப் படுக்கிறவர் ஏழரை மணிக்குப் போட வேண்டும். நடுராத்திரி விழிப்பு வந்ததும் இன்னொன்று போடுவது உடம்பின் கடிகாரத்தையே தள்ளிவிடும். புரோலாங்டு ரிலீஸ் (மெதுவாகக் கரையும் வகை) என்று எழுதியிருந்தால் கடிக்கவோ உடைக்கவோ கூடாது.

இவர்கள் தைராக்ஸினை எப்போது போடுவது? படுக்கும் முன் போடலாம் என்று படித்துவிட்டுச் சிலர் மாற்றிக்கொள்கிறார்கள். அதற்குக் கடைசிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஏழு மணிக்கு மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டு எட்டரைக்குப் படுக்கிறவருக்கு அது ஒத்துவராது. எழுந்த உடனே வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் கட்டன் சாயா. அது போதும்.

படபடப்பு மாத்திரையை மறப்பது

தைராய்டு கூடுதலாக உள்ளவர்களுக்குப் படபடப்பு அடங்க ப்ரோப்ரனோலால் கொடுப்பார்கள். அது பீட்டா பிளாக்கர் வகை மருந்து. பீட்டா பிளாக்கர்கள் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் மெலடோனினைக் குறைக்கும். இவர்களுக்குச் சிறிய அளவு மெலடோனின் உண்மையிலேயே உதவலாம். ஆனால் முதலில் தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் வேலை செய்து டி4 இறங்கட்டும். உறக்கம் வரவில்லை என்று ப்ரோப்ரனோலாலைத் தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து.

ஹாஷிமோட்டோ (தைராய்டு குறையும் நோய்), கிரேவ்ஸ் இரண்டும் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்கும் நோய்கள். மெலடோனினுக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் குணம் உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் சேர்த்துப் போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கும்போது

வேண்டாம்.

மற்ற மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். தைராக்ஸின் அளவு மாறினாலும் வார்ஃபரினின் வேகம் மாறும், ஆகவே ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். பிரஷருக்கு நிஃபெடிபின் போடுகிறவர்களுக்கு மெலடோனினால் பிரஷர் ஏறியது கண்டறியப்பட்டிருக்கிறது. மனநல மருந்தான ஃப்ளூவோக்ஸமின், மெலடோனினைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் அதைப் பல மடங்கு ஏற்றிவிடும். சேர்த்துப் போடவே கூடாது. வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்ஸாசினும் அதே ஈரல் நொதியைத்தான் தடுக்கிறது. அந்த கோர்ஸ் முடியும்வரை மெலடோனினை நிறுத்தி வையுங்கள், தைராக்ஸினை நிறுத்தாதீர்கள்.