கடல்மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

குமரி மாவட்டத்தில் யாராவது வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்றால், பக்கத்தில் இருப்பவர் உடனே கேட்பார்: "கூப்பிடு தூரத்துல கடல் கெடக்கு, தண்ணிக்கு எதுக்கு மெஷின்? ரெண்டு கேன் மொண்டுட்டு வந்தா ஆச்சே!" நியாயமான கேள்விதான். ஆனால் கடல்நீரையே கொண்டுவந்து ஊற்றினாலும், உப்பில்லாத சுத்தமான தண்ணீர் தினமும் வேண்டும். ஏன் என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குத் திரும்பவும் கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அந்த நல்ல தண்ணீரில் கரைந்திருப்பதும் ஆவியாகாது, தொட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டியில் ஃபேன் ஓடினால் ஒரு நாளைக்கு 2 லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். மாதம் 60 லிட்டர். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், மாதம் 600 மில்லிகிராம் உள்ளே போகும். அதாவது தொட்டியில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் வீதம் மாதாமாதம் கூடும். மீன் கழிவிலிருந்து வருவது இதற்கு மேல்.

"கடல்நீரின் டி.டி.எஸ். 35,000 இருக்கிறதே, குழாய்த் தண்ணீரின் 200 என்ன செய்துவிடும்?" என்றும் கேட்பார்கள். டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்ற அளவு. எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைவிட என்ன கரைந்திருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். பாஸ்பேட், நைட்ரேட், சிலிகேட் வந்தால் பாசி பிடிக்கும். புதுத் தொட்டியில் மணல்மேல் பழுப்பு நிறத்தில் படர்வது சிலிகேட்டைத் தின்று வளரும் பாசி. தாமிரம் இன்னும் மோசம். மீன் நோய்க்கு மருந்தாகப் போடுகிற அளவு தாமிரமே இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

முதல் வேலை: உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். தொட்டிக்கு வேறு எதையும் வாங்கும் முன் இதுதான். நம் மாவட்டத்தில் ஒரு ஊர்த் தண்ணீரைப் போல் அடுத்த ஊர்த் தண்ணீர் இருக்காது. நாகர்கோவிலில் முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வரும். மேற்கே மலையடிவாரத்துச் செம்மண் கிணறுகளில் தண்ணீர் மென்மையாக இருக்கும். கடலோரத்தில் போர் போட்டால் உவர்ப்பு அடிக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. அது நமக்கான அளவு, தொட்டிக்கு அல்ல. தொட்டிக்கு நாம் தேடுவது 0.

மீட்டர் காட்டாத ஒன்றும் உண்டு. குழாய்த் தண்ணீரில் போடும் பிளீச்சிங் பவுடரின் குளோரினை இது பிடிக்காது. அதற்குத் தனியாகக் குளோரின் டெஸ்ட் கிட் வேண்டும்.

அடுத்து: எந்தத் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது?

கடல்நீரிலிருந்து ஆரம்பிப்போம். முதலில் தொட்டியை நிரப்ப அதை எடுக்கலாம், ஆனால் இடம் முக்கியம். சின்னமுட்டம், குளச்சல், முட்டம் போன்ற துறைமுகங்களுக்குள் டீசல் மிதக்கும். அங்கே வேண்டாம். தேங்காப்பட்டணத்தில் தாமிரபரணியும் மணக்குடியில் பழையாறும் கடலில் சேருகின்றன. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் உப்பு குறைந்து சேறும் சேர்ந்து வரும். ஆற்று வாயிலிருந்து தள்ளி, கடல் ஏற்றத்தின்போது, மழை பெய்து பல நாள் ஆன பிறகு எடுங்கள். மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரமாவது வைத்து, துணிவடிகட்டியில் வடித்த பிறகே பயன்படுத்துங்கள். இதெல்லாம் செய்தாலும் நுண்ணுயிர்களும் ஒட்டுண்ணிகளும் வர வாய்ப்பு உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது, சுத்தமான தண்ணீரில் உப்புக் கலவையைக் கரைத்துப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தண்ணீர் கிடைக்கும், ஏதாவது கோளாறு என்றாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

இருபது லிட்டர் கேன் தண்ணீர் அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். குடிக்க ருசியாக இருக்கத் தாதுக்கள் சேர்த்திருப்பார்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பேட்டரி வாட்டர் தாது நீக்கிய தண்ணீர். சீல் உடையாத கேனாக வாங்கி அளந்தால் 0 அல்லது அதை ஒட்டிக் காட்ட வேண்டும். சின்னத் தொட்டிக்கு ஒத்துவரும், ஆனால் மாதம் அறுபது லிட்டருக்குச் செலவு கட்டுப்படியாகாது. ஒரே கடையில் பேட்டரி ஆசிட் கேனும் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

மழைநீரை நான் மதிக்கிறேன். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஆனால் கூரையில் பறவை எச்சம், இலைச் சருகு, தூசி எல்லாம் இருக்கும். தகரக் கூரை என்றால் துத்தநாகமும் கரைந்து வரும். கடலோர வீடுகளில் உப்புத் திவலை படிந்திருக்கும். ஓட்டுக் கூரையிலோ கான்கிரீட் மாடியிலோ முதல் அரைமணி நேர மழையை விட்டுவிட்டுப் பிடித்து, கார்பன் வடிகட்டி வழியாகவும், கரைந்திருக்கும் தாதுக்களைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் மணிகள் வழியாகவும் செலுத்தினால் நன்றாகவே இருக்கும். மழைநீரில் கரைந்திருப்பது குறைவு என்பதால் ரெசினும் நீண்ட நாள் உழைக்கும்.

சமையலறை ஆர்.ஓ. பல வீடுகளில் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. ஆனால் அதன் குழாயில் வரும் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. கரைந்ததைத் தடுத்து நிறுத்தும் சவ்வான மெம்பிரேனைத் தாண்டியதும், டி.டி.எஸ். கன்ட்ரோலர் அதைத் தாண்டாத தண்ணீரையும் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். அதன்பின் மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. இப்போது வரும் சில மாடல்களில் உடம்புக்கு நல்லது என்று தாமிரமும் சேர்க்கிறார்கள். நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கு அது விஷம்.

நீண்ட நாளுக்கு எது என்று கேட்டால், ஆர்.ஓ.வும் அதன்பின் டி.ஐ. ரெசினும் சேர்ந்த ஏற்பாடுதான். என் பரிந்துரை இதுதான்.

ஆர்.ஓ. - டி.ஐ. அமைப்பது

வரிசை இப்படி: செடிமென்ட் ஃபில்டர், கார்பன், மெம்பிரேன், கடைசியில் டி.ஐ. ரெசின். வீட்டு ஆர்.ஓ. இருந்தால் சர்வீஸ்காரரிடம் சொல்லி, மெம்பிரேனிலிருந்து தண்ணீர் வெளிவரும் டியூபில், கன்ட்ரோலருக்கு முன்னால், ஒரு டீ (T வடிவ இணைப்பு) மாட்டிச் சின்ன வால்வு வைக்கச் சொல்லுங்கள். அந்த டியூபை ரெசின் குழாயில் இணைத்தால் வேலை முடிந்தது. குடிதண்ணீர் பக்கம் எதுவும் மாறாது.

கார்பனைத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். குளோரின் மெம்பிரேனைக் கெடுத்துவிடும். மெம்பிரேனைத் தாண்டியும் வரும்.

மோட்டார் போட்ட முதல் சில நிமிடத் தண்ணீரில் டி.டி.எஸ். கூடுதலாக இருக்கும். அதைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொண்டு, அப்புறம் ரெசின் பக்கம் திருப்புங்கள். உள்ளே போவது 200, மெம்பிரேனிலிருந்து வருவது 8 என்றால் 96 சதவீதம் நிறுத்துகிறது, நல்ல நிலை. 20, 30 என்று ஏறினால் மெம்பிரேன் மாற்ற நாளாகிவிட்டது. ரெசினுக்குப் பின் 0 காட்ட வேண்டும். 1, 2 தெரிய ஆரம்பித்தாலே புது ரெசின் போடுங்கள். தீர்ந்துபோகும் ரெசின் முதலில் விட்டுவிடுவது சிலிகேட்டைத்தான்.

செம்மண் கிணறு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தத் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருந்தால் மெம்பிரேன் அதை நிறுத்தாது, ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்பு வைத்து ஒரு இரவு குமிழி விட்ட பிறகு ரெசினில் செலுத்தினால் செலவு பெருமளவு குறையும்.

கழிவாக வரும் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். கடலோரத்து உவர் போர் என்றால் செடிக்கு வேண்டாம், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பதும் உப்புக் கரைப்பதும்

உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம்மில், மூடி போட்டுச் சேமியுங்கள். செம்புக் குடம், பித்தளைக் குடம், பித்தளைக் குழாய் எதுவும் இந்தத் தண்ணீர்மேல் படக் கூடாது. வேறு எதுவும் கரையாத தண்ணீர் உலோகத்தை எளிதில் கரைத்துக்கொள்ளும்.

உப்பு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். புத்தளம், சாமித்தோப்பு பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பு குழம்புக்கு அருமையானது. ஆனால் உப்பு விளையும்போது மெக்னீசியத்தில் பெரும்பகுதி பாத்தித் தண்ணீரிலேயே தங்கி வெளியேறிவிடும். நமக்கு அதுவும் கால்சியமும் வேண்டும். அதனால் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையே வேண்டும்.

தண்ணீரை முதலில் எடுத்து, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பில் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் படிந்து வெள்ளையாகக் கலங்கிவிடும். லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை பிடிக்கும், பாக்கெட்டில் உள்ளதைப் பாருங்கள். சின்ன மோட்டார் விட்டு ஒரு நாள் சுழல விட்டு, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்தால் 35 (ஆயிரத்தில் 35 பங்கு) காட்ட வேண்டும். அந்தக் கருவியையும் 35 அளவுள்ள சோதனைத் திரவத்தை விட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஊற்றுவது

கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். தினமும் காலையில் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. - டி.ஐ. தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் வழக்கத்தைவிட வேகமாகக் குறையும், இரண்டு வேளை பார்க்க வேண்டியிருக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை மறுபடி அளந்து பாருங்கள். ஊற்று பெருகும்போது வாழைத் தோட்டத்து உரமும் சேர்ந்து வரலாம்.

கரண்ட் இல்லையென்றால் ஆர்.ஓ. மோட்டார் ஓடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே பத்து நாளுக்கான தண்ணீரை டிரம்மில் பிடித்து, பிடித்த தேதியை மேலே எழுதி வையுங்கள்.