8.2 சிஜிபிஏ என்றால் 3.28 ஜிபிஏ என்று அர்த்தமில்லை

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஜிபிஏ, அதாவது 4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண் கேட்டு ஒரு கட்டம் வந்துவிட்டால் பலரும் செய்வது, கையில் இருக்கும் சிஜிபிஏவை, அதாவது முழுப் படிப்புக்கும் 10க்குக் கணக்கிட்ட சராசரியை, பத்தால் வகுத்து நான்கால் பெருக்குவதுதான். 8.2 வைத்திருப்பவர் 3.28 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். நான்கு வருட உழைப்பை இரண்டு வினாடிக் கணக்கில் தப்பாக எழுதிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. சிலரை இந்தக் கணக்கு குறைத்துக் காட்டும், சிலரைக் கூட்டிக் காட்டும். இரண்டுமே ஆபத்துதான்.

ஏன் தப்பு? ஒரு மதிப்பெண்ணுக்கு உள்ள அர்த்தம், அது மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதில் இல்லை. அந்த ஊரில் தேர்ச்சிக் கோடு எங்கே இருக்கிறது, உச்சத்தை எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறார்கள், இந்த இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இங்கிலாந்தில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, 40 இருந்தால் தேர்ச்சி. அந்த 70ஐ நூறால் வகுத்து நான்கால் பெருக்கிப் பாருங்கள், 2.8 வரும். அமெரிக்க அளவில் 3.0தான் பி என்பதால், முதல் வகுப்பு மாணவர் பி கூட எடுக்காதவராகிவிடுகிறார். இதையே தலைகீழாகப் பாருங்கள்: 10 புள்ளி அளவில் தட்டுத் தடுமாறி 5 எடுத்துத் தேறியவர் 2.0 ஆகி, சி கிரேடுக்காரராக நிற்பார்.

பிரான்சில் மதிப்பெண் 20க்கு. 10 தேர்ச்சி, 14 வந்தாலே 'நன்று', 16 வந்தால் 'மிக நன்று', 20 என்பது அபூர்வம். நெதர்லாந்தில் நம் சிஜிபிஏ மாதிரியே 10க்குத்தான் மதிப்பெண், ஆனால் அங்கே 9ம் 10ம் அரிதாகத்தான் விழும் என்பதால் 8 என்பதே பெருமையான மதிப்பெண். இரண்டு இடத்திலும் 10 என்பது மட்டும்தான் ஒன்று, அந்த 8ம் இந்த 8ம் ஒன்றல்ல.

அப்புறம் திசை. ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி, 5.0 தோல்வி. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் 6 உச்சம், 4 தேர்ச்சி, 1 அடிமட்டம். இரண்டு நாட்டுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பிக்கும்போது இதைக் குழப்பிக்கொள்வது ரொம்ப சுலபம், அதனால் எண்ணை எழுதுவதற்கு முன் எது மேலே, எது கீழே என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஜெர்மனி என்றதும், வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் திருத்தப்பட்ட பவேரிய சூத்திரம் வந்துவிடும். இதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் சூத்திரம் மிக எளிமையானது. அளவின் உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள்; அதை, உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள்; மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 8.2 எடுத்தவருக்கு, தேர்ச்சி 5 என்றால், 1 + 3 × (10 − 8.2) ÷ (10 − 5), அதாவது 2.08. தேர்ச்சி 4 என்றால் அதே 8.2க்கு 1.9. குறைந்தபட்சம் என்ற இடத்தில் பலர் அளவின் அடிமட்டமான 0ஐப் போட்டுவிடுகிறார்கள், அப்போது 1.54 வரும், பார்க்க அருமையாகவும் இருக்கும், ஆனால் அது உங்கள் மதிப்பெண் இல்லை. அங்கே போட வேண்டியது தேர்ச்சிக்கான குறைந்தபட்சம். அதேபோல் உச்சம் என்றால் அந்த அளவில் அதிகபட்சம் என்ன கொடுக்க முடியுமோ அது, உங்கள் வகுப்பில் முதலாவதாக வந்தவர் எடுத்த மதிப்பெண் அல்ல.

தேர்ச்சி 5ஆ 4ஆ என்ற இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரியது என்றால், 2.5க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் படிப்புக்கு, தேர்ச்சி 5 உள்ளவருக்கு 7.5 சிஜிபிஏ தேவை, தேர்ச்சி 4 உள்ளவருக்கு 7.0 போதும். அந்த அரைப் புள்ளி எத்தனையோ பேரின் வாசலைத் திறக்கும் அல்லது மூடும். ஆகவே தேர்ச்சி எல்லை எது என்பதை நண்பரிடம் கேட்காதீர்கள், உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலோ கல்லூரியின் விதிமுறையிலோ பாருங்கள். அங்கே இல்லையென்றால் தேர்வுத்துறையிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம், சிஜிபிஏவை முதலில் சதவீதமாக்கி, அந்தச் சதவீதத்தை ஜிபிஏவாக்குவது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது, இரண்டு தடவை மாற்றினால் இரண்டு பிழைகள் சேர்ந்துகொள்ளும். சிஜிபிஏவை 9.5ஆல் பெருக்கும் கணக்கு எங்கும் செல்லும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது சிபிஎஸ்இ பள்ளித் தேர்வுக்காக வந்தது, பொறியியல் பட்டத்துக்கு அதை எடுத்துப் போடுவதில் எந்த நியாயமும் இல்லை. உங்கள் பல்கலைக்கழகமே ஒரு சூத்திரம் அச்சிட்டிருந்தால் அது மட்டும்தான் செல்லும், வேறு பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணன் பயன்படுத்தியது உங்களுக்குப் பொருந்தாது.

சராசரியிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஒரு எடை உண்டு. நான்கு கிரெடிட் பாடங்கள் இரண்டில் 7, ஒரு கிரெடிட் ஆய்வகங்கள் இரண்டில் 10 என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 8.5. கிரெடிட்டோடு பெருக்கிக் கணக்கிட்டால் 7.6தான். அனுமதிக் குழு பார்க்கப்போவது இரண்டாவது எண்ணை. திரும்ப எழுதித் தேறிய பாடங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதும் இதே வகைதான், கல்லூரி தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் அவை இருந்தால் மதிப்பிடுபவர் கண்ணில் படாமல் போகாது. கடைசி இரண்டு வருடத்துக்கான சராசரியை மட்டும் கேட்கும் இடங்களும் வட அமெரிக்காவில் உண்டு, அங்கே போய் மொத்த சிஜிபிஏவை எழுதினால், முதல் வருடம் தடுமாறி அப்புறம் நன்றாக எழுந்து வந்தவருக்குத்தான் நஷ்டம்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள், அங்குள்ள பொதுவான கிரெடிட் முறையான இசிடிஎஸ் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 10 சதவீதத்துக்கு ஏ, அடுத்த 25 சதவீதத்துக்கு பி என்று போகும் அட்டவணை பழையது. 2009 வழிகாட்டியிலிருந்து அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எத்தனை சதவீதம் பேர் பெற்றார்கள் என்று காட்டும் பரவல் அட்டவணைதான். பழைய எழுத்துகளை நீங்களாகவே உங்களுக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, நான் அதிகமாகப் பார்க்கும் தவறு வேறு ஒன்று: கேட்காத இடத்தில் மாற்றுவது. பல விண்ணப்பங்களில், டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே எழுதுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம் என்று தெளிவாகவே போட்டிருப்பார்கள். அளவு என்ன என்று கேட்கும் பட்டியலில் 10ஐத் தேர்ந்தெடுத்து 8.2 என்று எழுதினால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு ஏதோ ஒரு இணையக் கணிப்பானில் வந்த 3.6ஐ எழுதினால், டிரான்ஸ்கிரிப்ட் ஒன்று சொல்லும், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அது தவறான தகவல் தந்ததாகப் பார்க்கப்படலாம். டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்டிருந்தால் எந்த வகை என்றும் பாருங்கள். பட்டத்தை மட்டும் மதிப்பிடும் அறிக்கை ஒன்று, பாடவாரியாக மதிப்பிட்டு ஜிபிஏ தரும் அறிக்கை இன்னொன்று. முதலாவதை வாங்கிவிட்டு அதில் ஜிபிஏவைத் தேடிப் பயனில்லை.

விண்ணப்பம் 4க்குத்தான் எண் வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்தப் பல்கலைக்கழகமே உங்கள் நாட்டுக்கென்று அட்டவணை வைத்திருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கூடுதல் தகவல் பகுதியில் மூல மதிப்பெண்ணை இப்படி எழுதிவிடுங்கள்: சிஜிபிஏ 8.2, உச்சம் 10, தேர்ச்சி 5, கிரெடிட் எடையுடன் கணக்கிடப்பட்டது. கல்லூரி தரவரிசைச் சான்று கொடுத்தால் அதையும் சேர்த்து இணையுங்கள்.